பானைக்குள் பெருகும் புகழ்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தறிக்கூடத்தில் லுங்கி நெய்பவர். தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி காலை முதல் மாலை வரை அங்கே பாட்டு ஓடுமாம். "என்னோடு வேலை செய்கிற எல்லோரும் ஒரு பாடகரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவர் குரல் சாதாரணமாகத்தான் தெரிகிறது. தகுதிக்கு மீறிய புகழ் என்று நான் சொன்னால், உனக்குக் காது சரியில்லை என்கிறார்கள். எனக்குப் பிடித்த பாடகி ஒருவர் இருக்கிறார். அவர் பெயர்கூட இவர்களுக்குத் தெரியவில்லை. அறிவியல் இதைப் பற்றி ஏதாவது சொல்கிறதா சார்? அந்தப் பாடகி மேலே வருவாரா?"

பாடகரின் பெயரையும் எழுதியிருந்தார். அதை இங்கே சொல்லப் போவதில்லை. நான் விளக்க நினைப்பது எந்தப் பெயருக்கும் பொருந்தும்.

காதைப் பற்றிய பயத்தை முதலில் போக்கிவிடுகிறேன். காற்றின் அதிர்வு செவிப்பறையை அசைக்கிறது, மூன்று சிற்றெலும்புகள் அதைக் கடத்துகின்றன, நத்தை ஓடு போன்ற உட்செவியில் இருக்கும் மயிர்செல்கள் அதை மின்குறிப்பாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. பள்ளியில் படித்ததுதான். அந்தப் பாடகரைப் பிடிக்காமல் போனதற்கும் இந்த வழிக்கும் தொடர்பில்லை. (ஆனால் தறிச் சத்தம் ஆண்டுக்கணக்கில் விழுந்தால் மயிர்செல்கள் செத்துப்போகும். மனிதர்களுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. தறிக்கூடத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள்.)

ரசனை உருவாவது அதற்கு அப்பால், மூளையில். அதில் வயதுக்குப் பங்கு இருக்கிறது. பழைய பாடல்களையும் புதிய பாடல்களையும் பல வயதினருக்குப் போட்டுக்காட்டி, ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1989-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தமக்கு ஏறத்தாழ 23, 24 வயது இருந்தபோது வந்த பாடல்களுக்கே மக்கள் அதிக மதிப்பெண் கொடுத்தார்கள். வேலூர்க் கோட்டை அகழியோரம் மாலை நடைக்கு வரும் என் நண்பர்கள் வட்டத்தில் இதைக் கண்ணாரப் பார்க்கலாம். இளையராஜா திரைக்கு வந்தது 1976-இல், ரஹ்மான் வந்தது 1992-இல். யார் யார் பக்கம் நிற்கிறார்கள் என்று சொன்னால் போதும், அவர்கள் பிறந்த ஆண்டைப் பெரும்பாலும் பிழையில்லாமல் சொல்லிவிடுவேன்.

பழக்கத்துக்கும் பங்கு இருக்கிறது. ஒன்றைத் திரும்பத் திரும்பச் சந்தித்தாலே அதன் மேல் விருப்பம் வளர்கிறது என்று ராபர்ட் ஜயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் காட்டினார். காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகும் தனியார் பஸ்ஸில் மாதம் முழுவதும் ஒரே பாட்டைப் போட்டால், முதல் நாள் முகம் சுளித்தவரும் நான்காம் வாரம் அதை முணுமுணுத்துக்கொண்டு இறங்குவார்.

வயதும் பழக்கமும் ஒரு தனி மனிதரின் விருப்பத்தை விளக்குகின்றன. தறிக்கூடமே ஒரே பாடகரின் பக்கம் சாய்வது ஏன்? அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் தொடங்குகிறது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவர் இணையத்தில் ஒரு பாட்டுச் சந்தையைத் தாங்களே கட்டினார்கள். யாரும் கேள்விப்படாத இசைக்குழுக்களின் 48 பாடல்கள் அதில் இருந்தன. மொத்தம் 14,341 பேர் வந்து கேட்டார்கள். விரும்பினால் ஒரு பாட்டைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டுமே தெரியும். மற்றவர்கள் எட்டு உலகங்களாகப் பிரிக்கப்பட்டார்கள். அந்த எட்டிலும் ஒவ்வொரு பாட்டையும் இதுவரை எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை தெரியும், ஆனால் தங்கள் உலகத்து எண்ணிக்கை மட்டும். எட்டு உலகங்களிலும் அதே 48 பாடல்கள், எல்லாவற்றிலும் எண்ணிக்கை சுழியத்தில் தொடக்கம். 2006-இல் முடிவு வெளிவந்தது.

பிறர் எதைத் தேர்ந்தார்கள் என்று தெரிந்த உலகங்களில் முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் இடைவெளி மிகவும் அகன்றது. பாடல்களை எண்ணிக்கை வரிசையில் அடுக்கிக் காட்டியபோது இன்னும் அகன்றது. அதைவிட முக்கியம், வென்ற பாடல்கள் உலகத்துக்கு உலகம் மாறின. 52 மெட்ரோ என்ற குழுவின் பாட்டு ஒன்று, யாரும் யாரையும் பார்க்காமல் தேர்ந்தபோது 26-ஆம் இடத்தில் இருந்தது. நட்டநடு. அதே பாட்டு ஓர் உலகத்தில் முதலிடம், இன்னோர் உலகத்தில் 40-ஆம் இடம்.

வரலாற்றை எட்டு முறை ஓட்டிப் பார்க்க நமக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அந்த மூவர் அதைச் செய்துவிட்டார்கள். பெரிய கருவி எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்பதை விளக்க ஒரு பானை போதும். ஜார்ஜ் போல்யா என்ற ஹங்கேரியக் கணித மேதையும் எகன்பெர்கர் என்பவரும் 1923-இல் எழுதிவைத்த பானை அது. தொற்றுநோய் பரவுவதைக் கணக்கிட அவர்களுக்கு அது தேவைப்பட்டது. நம் இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டியோடு சேர்ந்து பின்னாளில் நூல் எழுதியவர் இந்தப் போல்யா.

லாங் பஜாரில் ஒரே அளவுள்ள சிவப்பு மணிகளும் பச்சை மணிகளும் வாங்கிக்கொண்டு போய், நான் பாடம் நடத்தும் பதினோராம் வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். பானைக்குள் ஒரு சிவப்பு, ஒரு பச்சை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்தது சிவப்பு என்றால், அதைத் திரும்பப் போட்டு, கூடவே இன்னொரு சிவப்பையும் போட வேண்டும். பச்சை என்றால் இன்னொரு பச்சை. அவ்வளவுதான் விதி. ஒரு மணியை எடுப்பது என்பது ஒருவர் ஒரு பாடகரைக் கேட்பது. கூட ஒன்றைப் போடுவது, அவர் அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது.

98 முறை எடுத்தபின் பானையில் 100 மணிகள் இருக்கும். அதில் எத்தனை சிவப்பு? வகுப்பில் கேட்டேன். "ஐம்பதுக்குப் பக்கத்தில் சார்" என்று எல்லோரும் சொன்னார்கள். தொடக்கத்தில் இரண்டும் சமம்தானே, நியாயமான ஊகம். நாணயத்தை 98 முறை சுண்டினால் அப்படித்தான் நடக்கும்: நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை தலையின் எண்ணிக்கை ஏறத்தாழ 39-க்கும் 59-க்கும் நடுவில் வந்து நிற்கும்.

ஆறு குழுக்கள், ஆறு பானைகள். ஒரு பானையில் 88 சிவப்பு, அடுத்ததில் 17, இன்னொன்றில் 54. மணிகளை மறுபடி எண்ணச் சொல்லி ஒரு மாணவி பிடிவாதம் பிடித்தாள். எண்ணினோம், சரியாகவே இருந்தது.

கணக்கு இதுதான். முதல் மூன்று எடுப்புகளை மட்டும் பாருங்கள். சிவப்பு, சிவப்பு, பச்சை என்று வர வாய்ப்பு எவ்வளவு? முதலில் இரண்டில் ஒன்று. சிவப்பு கூடியபின் மூன்றில் இரண்டு. பிறகு நான்கில் ஒரே ஒரு பச்சை. 1/2 × 2/3 × 1/4, அதாவது 1/12. சிவப்பு, பச்சை, சிவப்பு என்று வந்தால்? 1/2 × 1/3 × 2/4. அதுவும் 1/12. பச்சை முதலில் வந்து பிறகு இரண்டு சிவப்பு வந்தாலும் அதே 1/12. வரிசை மாறினாலும் வாய்ப்பு மாறவில்லை! மூன்றையும் கூட்டினால், இரண்டு சிவப்பு விழ வாய்ப்பு 1/4. மூன்றும் சிவப்பாக விழ 1/2 × 2/3 × 3/4, மறுபடி 1/4. ஒரே ஒரு சிவப்பு விழவும் 1/4, சிவப்பே விழாமலிருக்கவும் 1/4. எல்லா முடிவுகளுக்கும் சமமான வாய்ப்பு. இது மூன்றோடு நின்றுவிடுவதில்லை. 98 எடுப்புகளுக்குப் பிறகும் 1 சிவப்பு, 2 சிவப்பு என்று 99 சிவப்பு வரை 99 முடிவுகளும் ஒரே அளவு வாய்ப்புள்ளவை. ஏதோ ஒரு நிறம் 80 மணிகளையோ அதற்கு மேலோ பிடித்துக்கொள்ள வாய்ப்பு 40/99. நூற்றுக்கு நாற்பது முறை, எந்தத் தகுதி வேறுபாடும் இல்லாத இரண்டு மணிகளில் ஒன்று பானையை ஆள்கிறது.

இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். கரும்பலகையில் இந்த மூன்று பெருக்கல்களை எழுதும்போது இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் எடுப்பு விகிதத்தைப் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குத் தூக்கிவிடுகிறது. நூறு மணிகள் சேர்ந்தபின் விழும் ஒரு மணி அதை அசைப்பதே இல்லை. தொடக்கத்தில் தற்செயலாக நடந்தது இறுகிக் கெட்டிப்பட்டுவிடுகிறது. பிறகு பானைக்குள் எட்டிப் பார்ப்பவருக்குச் சிவப்புக்கு ஏதோ தனிச் சிறப்பு இருப்பதாகவே தோன்றும்.

மனிதர்களுக்குக் காது இருக்கிறது, பானைக்கு இல்லை என்பது உண்மை. கொலம்பியா ஆய்விலும் மிக நல்ல பாடல்கள் அடியில் கிடந்தது அரிது, மிக மோசமானவை உச்சிக்குப் போனதும் அரிது. சிவப்பு மணி சற்றே பெரியது, கைக்கு எளிதாக அகப்படும் என்று வைத்துக்கொண்டால் பானை இன்னும் நன்றாகப் பொருந்தும். தகுதி ஓர் எல்லையைப் போடுகிறது. அந்த எல்லைக்குள் இருக்கும் பெருங்கூட்டத்தில் யார் எங்கே நிற்பார் என்பதை முதல் சில மணிகள் முடிவு செய்கின்றன. ஆகவே குடியாத்தத்து வாசகர் சொல்வது சரியாக இருக்கலாம். அவருடைய நண்பர்களும் ஏமாந்தவர்கள் அல்லர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாழும் எந்தக் கூட்டத்திலும் தகுதிக்கும் புகழுக்கும் இடையே இந்த இடைவெளி விழுந்தே தீரும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒரு விஷயத்தில் பொறுமை போய்விட்டது. பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் புகழ் வரும் என்று எண்சோதிடக்காரர்கள் இளம் பாடகர்களிடம் பணம் வாங்குகிறார்கள். என்னிடம் படித்த ஒரு பையன், நன்றாகப் பாடுபவன், தன் தந்தை வைத்த பெயரை இப்படித்தான் சிதைத்துக்கொண்டான். அந்த எட்டு உலகங்களிலும் 52 மெட்ரோவின் பெயர் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பாட்டு அதே பாட்டு. ஓரிடத்தில் முதலிடம், ஓரிடத்தில் நாற்பது. எழுத்துக்குச் சக்தி இருந்தால் எட்டிலும் அது வேலை செய்திருக்க வேண்டாமா? எல்லாப் பானையிலும் ஏதோ ஒரு மணி வெல்லும். வென்ற மணிக்குப் பெயர் எழுதிக்கொடுத்தவர் மட்டும் நம் முன்னால் வந்து பேசுகிறார்.

பானையில் எனக்கு வலிக்கிற விதி ஒன்றும் உண்டு. ஒரு நிறத்தின் மணி தொடக்கத்தில் ஒன்றுகூட இல்லையென்றால், அது ஒருநாளும் கைக்கு வராது. சுழியம் சுழியமாகவே இருக்கும். நம் வடாற்காட்டு ஊர்களில் திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்தில் முகவீணை ஊதுபவர்களைக் கேட்டிருக்கிறீர்களா? சாண் நீளக் கருவி, விடிய விடிய மூச்சு அறாமல் ஒலிக்கும். அதைக் கேட்பவர்கள் அந்த ஊரார் மட்டுமே. அளவுக்கு மீறிய புகழ் யாருக்கு என்று சண்டையிடுபவர்களின் பட்டியலில் அந்தக் கலைஞர்களுக்கு இடமே இல்லை. பானைக்குள் அவர்களுடைய மணி போடப்படவில்லை.

கொலம்பியாவில் நடந்தது போன்ற ஆய்வைத் தமிழ்ப் பாடல்களை வைத்து, தமிழ்க் காதுகளை வைத்து நம் பல்கலைக்கழகங்கள் நடத்த வேண்டும். ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்பதை நினைத்துப் பெருமைப்படுகிறேன். தொலைவில் உள்ள விண்மீனை அறியப் பணம் வேண்டும் என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஏன் நம்மைப் போலவே கைதட்டுகிறார் என்பதை அறியவும் பணம் வேண்டும் என்றால், இதெல்லாம் ஓர் அறிவியலா என்கிறார்கள். எனக்கு அது அறிவியல்தான்.

வாசகரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அந்தப் பாடகி மேலே வருவாரா? 2008-இல் சால்கானிக்கும் வாட்ஸும் இன்னொரு சோதனையை வெளியிட்டார்கள். வரிசையை வேண்டுமென்றே தலைகீழாக்கி, கடைசிப் பாட்டை முதலிடத்திலும் முதல் பாட்டைக் கடைசியிலும் காட்டினார்கள். பெரும்பாலான பாடல்கள் அந்தப் பொய்யான இடத்திலேயே தங்கிவிட்டன. மிகச் சிறந்த சில பாடல்கள் மட்டும் மெல்ல மெல்ல மேலேறி வந்தன. வர முடியும் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் நாளாகும், எல்லோராலும் முடியாது.

நண்பருக்கு ஒரு யோசனை. அந்தப் பாடகியின் பாட்டோடு, தறிக்கூடத்தில் யாருக்கும் அறிமுகமில்லாத ஐந்து பாடகர்களின் பாடல்களைச் சேருங்கள். உங்கள் நண்பர்கள் கொண்டாடுகிறவர் வேண்டாம், குரலைக் கண்டுபிடித்துவிடுவார்கள். உணவு இடைவேளையில், தறிகள் நின்றிருக்கும்போது, பெயர் சொல்லாமல் எல்லாவற்றையும் ஒரு முறை போடுங்கள். கேட்கும்போது யாரும் தலையாட்டக் கூடாது, பேசக் கூடாது. பிடித்த பாட்டின் எண்ணை ஆளுக்கொரு சீட்டில் எழுதி டப்பாவில் போடட்டும். கடைசிச் சீட்டு விழும் வரை டப்பாவைத் திறக்காதீர்கள். ஒரு வாரம் கழித்து அதே பாடல்களை வேறொரு தறிக்கூடத்தில் போட்டு, அங்கே மட்டும் ஒவ்வொருவரையும் உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு எண்ணிக்கைகளையும், யார் முதலில் வாய் திறந்தார் என்பதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.