பக்கத்து வீடும் மூக்குச்சளியும்

மன்னார்குடிக்காரர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஊரை விட்டுத் தஞ்சாவூர் அடுக்குமாடிக்கு வந்ததிலிருந்து அம்மாவுக்கு அடிக்கடி சளி. பேச்சுத்துணை இல்லாததுதான் காரணம் என்கிறார். இருக்குமா சார்?"

சளிக்குக் காரணம் வைரஸ். சரி, ஆனால் வைரஸ் மூக்கில் ஏறிய எல்லோருக்கும் சளி பிடிப்பதில்லையே?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உளவியலாளர் ஷெல்டன் கோஹன், ஆரோக்கியமான 276 பேரின் மூக்கில் சளி பிடிக்கவைக்கும் ரைனோவைரஸைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளியே விடாமல் தங்கவைத்துக் கவனித்தார். அவர்கள் மூக்குச் சிந்திய காகிதங்களைக்கூட விடவில்லை, தராசில் வைத்து எடை போட்டார்கள்! முடிவு 1997-இல் வெளிவந்தது. கணவன் மனைவி, பிள்ளை, பக்கத்து வீடு, வேலையிடம், கோயில் கூட்டம் என்று ஆறு வகைக்குக் குறையாமல் உறவு வைத்திருந்தவர்களைவிட, மூன்று வகையோடு நின்றவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது பேசினால்தான் உறவுக் கணக்கு. தலைகளின் எண்ணிக்கையைவிட வகைதான் முக்கியமாக இருந்தது. புகை, தூக்கம், ஏற்கெனவே இருந்த எதிர்ப்புச் சக்தி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் மறையவில்லை.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். மூக்கொழுகலும் தொண்டை வலியும் பெரும்பாலும் வைரஸின் வேலை இல்லை. அதை விரட்ட நம் உடம்பு கிளப்பும் அழற்சியின், அதாவது வீக்கமும் எரிச்சலுமான எதிர்வினையின் வேலை. அந்த அழற்சியை அளவோடு நிறுத்துவது கார்டிசால் என்ற ஹார்மோன். வயல் நிரம்பியதும் "மடையை அடைப்பா" என்று குரல் கொடுப்பவர் மாதிரி. அவரே ராப்பகலாகக் கத்திக்கொண்டிருந்தால்? மடையில் நிற்பவர் காதில் வாங்கமாட்டார், தண்ணீர் வரப்பு மீறும். மனஉளைச்சல் நீண்டால் நோயெதிர்ப்புச் செல்களும் இப்படித்தான் கார்டிசாலுக்குச் செவிடாகின்றன. சளியும் எளிதில் பிடிக்கிறது. 2012-இல் கோஹன் குழுவே இதைக் காட்டியது. தனிமையும் நீண்ட உளைச்சலாக மாறக்கூடியதுதான்.

கண்ணுபட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட வருகிற எதிர்வீட்டு அத்தையை நான் கிண்டல் செய்வதுண்டு. மிளகாயில் ஒன்றுமில்லை என்று இப்போதும் சொல்வேன். ஆனால் சுற்றிப் போட்டுவிட்டு அரைமணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாரே, அதைக் கிண்டல் செய்ய வாய் வரவில்லை. நம் தெருக்களில் இதையெல்லாம் அளந்து பார்க்க யாராவது பணம் ஒதுக்கினால் தேவலை.

அதற்காக ஊரில் இருந்தாலே சுகம் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். எல்லோரும் எல்லாத் திண்ணையிலும் உட்கார முடிந்ததில்லை. அப்புறம், 1998-இல் கோஹன் இன்னொன்றும் கண்டார்: மாதக்கணக்கில் நீளும் சண்டை சச்சரவு உள்ளவர்களுக்கும் சளி அதிகம் பிடித்தது. நம் பக்கத்து வரப்புத் தகராறுகள் எத்தனை வருஷம் ஓடும் என்று உங்களுக்கே தெரியும்.