பிசிஓடிக்கு ஸ்டெம் செல் ஊசியா? பணம் கட்டும் முன் படியுங்கள்

ஹார்மோன் கோளாறுகளில் ஸ்டெம் செல்களை, அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்களை, வைத்து ஆராய்வதுதான் என் வேலை. பெங்களூரில், பெல்லாரி ரோட்டுப் பக்கம் ஒரு ஆய்வகம். பி.எச்டி முடித்து அதிக காலம் ஆகவில்லை. ஊரிலிருந்து வரும் போனாகட்டும், அல்சூர் மார்க்கெட்டில் எதிர்ப்படும் தெரிந்த முகமாகட்டும், இப்போதெல்லாம் ஒரே கேள்விதான்: பிசிஓடிக்கு (சினைப்பை நீர்க்கட்டி என்பார்களே, அது), தைராய்டுக்கு, சுகருக்கு ஸ்டெம் செல் போட்டால் சரியாகிவிடுமாமே?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்றைய தேதிக்கு இந்தியாவில் எந்த ஹார்மோன் கோளாறுக்கும் காசு கொடுத்துப் பெறக்கூடிய, அங்கீகாரம் பெற்ற ஸ்டெம் செல் சிகிச்சை கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறைகளே இதைத் தெளிவாகச் சொல்கின்றன. அவற்றின்படி, ரத்தப் புற்றுநோய், தலசீமியா மாதிரியான நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை மட்டும்தான் வழக்கமான மருத்துவம். மற்ற எதுவாக இருந்தாலும் அது ஆராய்ச்சி, முறையான அனுமதி பெற்ற கிளினிக்கல் ட்ரையலுக்குள்தான் (மனிதர்களிடம் சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு) நடக்க வேண்டும்.

அப்படியானால் நான் எதற்கு இந்த வேலையைச் செய்கிறேன் என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது: இந்த நோயில் எந்தச் செல் இல்லாமல் போய்விட்டது?

முதல் வகை சர்க்கரை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலமே அழித்துவிடுகிறது. போன செல் எது என்று தெரியும், அதை ஆய்வகத்தில் வளர்க்கவும் தெரியும். அதனால்தான் இங்கே உண்மையான முன்னேற்றம் வந்திருக்கிறது. ஸிமிஸ்லெசெல் என்ற செல் மருந்தின் சோதனை முடிவுகள் 2025-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தன. ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த கணையத் திட்டுகளை (பீட்டா செல்கள் அடங்கிய செல் கூட்டங்கள்) ஈரலுக்குப் போகும் ரத்தக் குழாய் வழியாகச் செலுத்தினார்கள், முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டு கழித்து இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. படித்த அன்று எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் அதே கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது. மொத்தம் 14 பேரில் இருவர் இறந்துபோனார்கள், அதில் ஒருவருக்கு மூளையுறையில் பூஞ்சைத் தொற்று. உள்ளே போட்ட செல்லை உடம்பு அழிக்காமல் இருக்க நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளைத் தொடர்ந்து எடுக்க வேண்டும், அந்த மருந்துகளுக்கென்று தனி ஆபத்து உண்டு. சுகர் திடீரென்று ஆபத்தான அளவுக்கு இறங்குவதே தெரியாமல் போகிறவர்களை மட்டும் அந்தச் சோதனையில் சேர்த்தது அதனால்தான்.

இப்போது பிசிஓடிக்கு வருவோம். எந்தச் செல் இல்லை? எதுவும் குறையவில்லை. சினைப்பையில் முட்டை வளரும் நுண்ணறைகள் நிறையவே இருக்கின்றன, பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன, ஸ்கேனில் வரிசையாகத் தெரிவது அவைதான். இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் ரத்தத்தில் அதன் அளவு கூடுகிறது, மூளையடியிலிருந்து வரும் எல்.எச். ஹார்மோனும் பலருக்குக் கூடுதலாக இருக்கிறது, இரண்டும் சேர்ந்து சினைப்பையை ஆண் ஹார்மோன் அதிகமாகச் சுரக்க வைக்கின்றன. கோளாறு செல்களுக்கு வரும் கட்டளையில் இருக்கும்போது புதிதாகக் கொஞ்சம் செல்லை ஏற்றுவதால் எது மாறும்?

எங்கள் வேலை அந்தக் கட்டளையைப் புரிந்துகொள்வது. பிசிஓடி உள்ள பெண்களிடமிருந்து கொஞ்சம் ரத்தம் வாங்கி, அதிலுள்ள செல்களை, ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 2006-ல் காட்டிய வழியில், ஸ்டெம் செல்லாக மாற்றுகிறோம். பிறகு அவற்றைச் சினைப்பைச் செல் மாதிரியோ கொழுப்புச் செல் மாதிரியோ வளர்த்து, இன்சுலின் கொடுத்தால் என்ன செய்கின்றன என்று பார்க்கிறோம். செல்கள் வளரும் ஊட்டக் கரைசலான மீடியாவைத் தினமும் மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை, உகாதி, பொங்கல் என்று பார்க்க முடியாது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நல்ல காலனிக்கு, அதாவது செல் கூட்டத்துக்கு, விளிம்பு கத்தரித்த மாதிரி இருக்கும், உள்ளே செல்கள் நெருக்கமாக அடைந்திருக்கும். ஓரத்தில் ஒன்றிரண்டு தட்டையாக நீண்டு கிளம்பினால் அவை வேறு ஏதோவாக மாற ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம், ஊசி முனையால் சுரண்டி எடுத்துவிடுவோம். இத்தனை பார்த்துப் பார்த்து வளர்த்தும் மரபணுச் சோதனை செய்தால் சில தொகுதிகளில் குரோமோசோம் மாறியிருக்கும், மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான். வேறு செல்லாக மாறாமல் நின்றுவிட்ட ஸ்டெம் செல் கொஞ்சம் கலந்து உடம்புக்குள் போனாலே டெரட்டோமா என்ற கட்டியாக வளரலாம். இந்தச் செல்களோடு பழகியவர்கள் யாரும் அவற்றை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ரத்தம் கொடுத்த ஒரு பெண் கேட்டார், "இதைத் திரும்ப என் உடம்புக்குள்ள போடுவீங்களா மேடம்?" மாட்டோம். அவர் கொடுத்தது ஆராய்ச்சிக்கு, அதனால் அவருக்கு நேரடியாக எந்தப் பலனும் இல்லை, வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். கையெழுத்து வாங்கும் முன்பே இதைச் சொல்லியாக வேண்டும்.

தைராய்டு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குறைவாகச் சுரந்தால் அந்த ஹார்மோனே மாத்திரையாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு, காலையில் வெறும் வயிற்றில் போட்டு அவ்வப்போது டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை பார்த்தால் போதும். அதை நிறுத்திவிட்டு செல் ஏற்றிக்கொள்ளச் சொல்கிறவர்களிடம் எதையும் கேட்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

மர்ஃபி டவுனில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா. மகள் காலேஜ் படிக்கிறாள், மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, முகத்தில் முடி. ஒரு கிளினிக்கின் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு போன் செய்தார். "ஏம்மா, நீ இதே வேலைதானே பாக்குற? வயித்துக் கொழுப்புலேர்ந்து செல்ல எடுத்து ட்ரிப்ஸ்ல ஏத்துவாங்களாம். அவளோட சொந்த செல்தானே, கெடுதல் வராதுல்ல? நகைய வச்சாவது கட்டிடலாம்னு பாக்குறேன்." மூன்று தவணை, லட்சக்கணக்கில் கட்டணம். எனக்கு வயிறு எரிந்தது. சொந்தச் செல் என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். நரம்பில் ஏற்றும் இந்த வகைச் செல்களில் பெரும்பகுதி நுரையீரலின் நுண் குழாய்களில் சிக்கி, சில நாட்களில் அழிந்துவிடும். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் ஒரு கிளினிக்கில் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லைக் கண்ணுக்குள் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையை இழந்தது 2017-ல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அவர்களுடையதும் சொந்தச் செல்தான்.

அக்காவிடம் நகையை வைக்க வேண்டாம், முதலில் எண்டோகிரைனாலஜிஸ்டை (ஹார்மோன் நிபுணரை) பாருங்கள் என்றேன். எடை கூடுதலாக இருந்தால் கொஞ்சம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகும், தேவைப்பட்டால் ஹார்மோன் மாத்திரை, மெட்ஃபார்மின், பின்னாளில் குழந்தைக்கு முயலும்போது சினைமுட்டை வெளிவர லெட்ரோசோல். இவையெல்லாம் பல ஆயிரம் பெண்களிடம் சோதித்துத் தேறியவை. முழுதாகக் குணமாக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நன்றாகக் கட்டுக்குள் வைக்கும்.

என்னைப் போல இப்போதுதான் ஆராய்ச்சிக்குள் வந்தவர்களுக்கும் ஒன்று. அறிவியல் ஆலோசகர் என்ற பெயரில் இப்படிப்பட்ட இடங்களிலிருந்து வேலைக்கு அழைப்பு வரலாம். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், அதுவும் சில சமயம் மாதக்கணக்கில் தாமதம், பெங்களூர் வாடகை உங்களுக்கே தெரியும். கஷ்டம் புரிகிறது. இருந்தாலும் உங்கள் பெயரை அந்த நோட்டீஸில் போட விடாதீர்கள்.

சரி, "நாங்கள் ட்ரையல்தான் செய்கிறோம்" என்று யாராவது சொன்னால்? சிடிஆர்ஐ எண்ணைக் கேளுங்கள். இந்திய கிளினிக்கல் ட்ரையல் பதிவேடு அது, யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எண் இருந்தால் மட்டும் திருப்தி அடைந்துவிடாதீர்கள், அந்தப் பக்கத்திலேயே நெறிமுறைக் குழுவும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அனுமதி தந்தனவா என்ற விவரம் இருக்கும், அதையும் பாருங்கள். அப்புறம், எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேளுங்கள். சோதிக்கப்படும் அந்தச் சிகிச்சைக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது என்பதுதான் விதி, வாங்கினால் அது ட்ரையல் இல்லை. ஒப்புதல் படிவத்தை ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ நீட்டி அவசரப்படுத்தினால் தமிழில் கேளுங்கள், உங்களுக்குப் புரிகிற மொழியில் தருவது அவர்கள் கடமை, அதன் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போய் நாலு பேரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.