பழைய டெல்கோவைப் பேரீச்சம்பழத்துக்குப் போடாதீர்கள்

கானாடுகாத்தானில் போன மாதம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வீட்டு ஜீப்பையே அலங்கரித்திருந்தார்கள். ஐயா காலத்துப் பெட்ரோல் வண்டி. முகப்பில் நிறுத்தி, மாலை போட்டு, பாட்டுப் போட்டு, ஒரு மணி நேரம் போட்டோ எடுத்திருக்கிறார்கள். அவ்வளவு நேரமும் சாவி ஆனில். கிளம்பும்போது ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. நாயனக்காரர்கள் காத்து நிற்க, எனக்குப் போன் வந்தது.

டிஸ்ட்ரிபியூட்டர் (எங்கள் பட்டறைப் பேச்சில் டெல்கோ) மூடியைக் கழற்றினேன். பொறிக்காக மின்சாரத்தை விட்டு விட்டு நிறுத்துகிற பாயிண்டைக் காணோம். அந்த இடத்தில் ஒரு கறுப்பு எலக்ட்ரானிக் மாட்யூல், தொட்டால் கை சுட்டது. வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கிற காயிலும் அப்படித்தான்.

“பழசு எங்கே தம்பி?”

“பேரீச்சம்பழத்துக்குப் போட்டாச்சுண்ணே. இதைப் போட்டா பிக்கப் கூடும்னாங்க.”

இந்த வருஷத்தில் இது நாலாவது வண்டி. அதனால்தான் எழுதுகிறேன்.

பிக்கப் ஒன்றும் அதிகமாகாது. டிஸ்ட்ரிபியூட்டர் சக்தியை உண்டாக்குகிற சாமான் இல்லை. எந்த சிலிண்டருக்கு, எந்த நொடியில் பொறி என்று பங்கு போடுகிற சாமான். “40,000 வோல்ட் காயிலோடு வருதுண்ணே” என்று பெட்டியைக் காட்டுகிறார்கள். நம் ஊர்க் கண்மாயை நினைத்துப் பாருங்கள். கரையை எவ்வளவு உயர்த்திக் கட்டினாலும் தண்ணீர் கலுங்கு மட்டத்துக்கு வந்ததும் வழிந்துவிடும். பிளக் இடைவெளிதான் கலுங்கு. அதைத் தாண்ட எத்தனை வோல்ட் வேண்டுமோ அங்கே பொறி பறந்துவிடும், அதற்கு மேல் ஏறாது. மீதி வோல்ட் பெட்டியின் மேல் அச்சடிக்கத்தான் உதவும்.

எலக்ட்ரானிக் இக்னிஷனின் நிஜமான பலன் இன்ஜின் மிக வேகமாகச் சுற்றும்போது தெரியும். வில்லீஸ் வடிவமைத்த எஃப்-ஹெட் ஹரிக்கேன் இன்ஜின், சிஜே-3பி ஜீப்பின் அந்த 2.2 லிட்டர் நாலு சிலிண்டர், நிமிஷத்துக்கு 4,000 சுற்றில் உச்ச சக்தியைக் கொடுத்துவிடும். அந்த வேகத்தில் வினாடிக்கு 133 பொறி. நல்ல பாயிண்டும் நல்ல காயிலும் அதை வியர்க்காமல் செய்யும். கொட்டகையிலிருந்து பிள்ளையார்பட்டி போய்த் திரும்புகிற வண்டிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? புதுசு போட்டதும் வண்டி பறந்தது என்று சொல்பவர்கள், பழசில், பாயிண்டைக் கருகாமல் காக்கிற கன்டென்சர் கெட்டுப்போன நிலையிலேயே இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

எலக்ட்ரானிக் கூடாது என்று சொல்லவில்லை. பாயிண்ட் தேயாது, அடிக்கடி இடைவெளி பார்க்க வேண்டாம், நல்லதுதான். ஆனால் இன்ஜின் ஓடாமல் சாவி ஆனில் இருந்தால் பல மாட்யூல்கள் வெந்துவிடும். (பாயிண்ட் மூடிய நிலையில் நின்றால் காயிலும் வேகும். ஆனால் பாயிண்ட் வண்டியைத் திருமயத்தில் நின்றாலும் ஒரு ஸ்குரூடிரைவரோடு சரிசெய்து வீடு வந்துவிடலாம்.) பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் முதலில் பேட்டரியைப் பாருங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் (பேட்டரியின் பிளஸ் முனையை பாடியோடு இணைத்தது) நெகட்டிவ் எர்த் மாட்யூலை மாட்டினால் அதன் ஆயுசு அந்த நிமிஷத்தோடு சரி.

“ஆட்டோலைட் நல்லதா, லூகாஸ் நல்லதா, டெல்கோ நல்லதா?” என்று கேட்கிறார்கள். பட்டறையில் நாங்கள் எல்லாவற்றையுமே டெல்கோ என்றுதான் சொல்வோம். அது டேட்டன் இன்ஜினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனி என்ற அமெரிக்கக் கம்பெனியின் சுருக்கப் பெயர், சாமானின் பெயராகவே ஆகிவிட்டது. என் பதில் ஒன்றுதான்: எதன் ஷாஃப்ட் (நடுத்தண்டு) ஆடவில்லையோ அது நல்லது. உச்சியில் சுற்றுகிற ரோட்டாரை எடுத்துவிட்டு ஷாஃப்டை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ‘டிக் டிக்’ என்று ஆடினால் ஷாஃப்டைத் தாங்குகிற புஷ் போய்விட்டது. இடைவெளி நீங்கள் வைத்த அளவில் நிற்காது, பொறி விழும் நேரத்தைப் பார்க்கிற டைமிங் லைட் பிடித்தால் குறி பேய் ஆட்டம் ஆடும். லேத்தில் வெண்கல புஷ் போட்டு, ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறவைத்து மாட்டினால் தீர்ந்தது. இந்த ஆட்டத்தைத்தான் பலர் ‘டிஸ்ட்ரிபியூட்டர் செத்துப்போச்சு’ என்கிறார்கள்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் உருவம் ஒத்துப்போனால் போதாது. ஜீப்பின் ரோட்டார் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும், பொறி வரிசை 1-3-4-2. உள்ளே இருக்கிற எடைகளும் ஸ்பிரிங்குகளும்தான் வேகம் கூடக் கூடப் பொறியை முன்னே தள்ளுகிறவை. வேறு இன்ஜினின் ஸ்பிரிங்கோடு வருவது ஐடிலிங்கில் சமர்த்தாக இருந்துவிட்டு, சிறுமலை ஏற்றத்தில் குணத்தைக் காட்டும். பாயிண்ட் இடைவெளியும் ஒன்றல்ல. ஜீப்பின் ஆட்டோலைட்டுக்கு 0.020 அங்குலம், டெல்கோ ரெமிக்கு 0.022, லூகாஸில் பெரும்பாலும் 0.014 முதல் 0.016. இடைவெளியை அளக்க ‘கண்ணளவு’ என்கிற ஃபீலர் கேஜ் எந்தக் கடையிலும் விற்பதில்லை.

இன்னொரு கொடுமை. தேவகோட்டைப் பக்கத்து ஜீப் ஒன்றுக்கு மூன்று டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றியும் டைமிங் வரவில்லை என்று கொண்டுவந்தார்கள். “நடுவில் ஆயில் பம்ப்பைக் கழற்றினீர்களா?” என்றேன். முழித்தார்கள். இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவதே எதிர்ப்பக்கம் இருக்கிற ஆயில் பம்ப்பின் ஷாஃப்ட்தான். பம்ப்பை ஒரு பல் தள்ளி மாட்டினால் சொர்க்கத்திலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் வந்தாலும் டைமிங் வராது. பம்ப்பை இறக்கி, சரியான பல்லில் ஏற்றினேன். முதலில் இருந்த டிஸ்ட்ரிபியூட்டரிலேயே ஓடியது. பணம் போனதுதான் மிச்சம்.

பதினொரு மாதம் கொட்டகையில் நிற்கிற வண்டியில் பாயிண்ட் முகம் சாம்பல் பூத்துக் கிடக்கும். லேசாகத் தேய்த்து, ஒரு கெட்டி அட்டையை நடுவில் விட்டு இழுத்துத் துடையுங்கள், உப்புத்தாள் பொடி உள்ளே நிற்கக்கூடாது. பாயிண்டைத் தள்ளித் திறக்கிற கேம் மேல் துளி கிரீஸ், ரோட்டாருக்கு அடியில் இரண்டு சொட்டு எண்ணெய். ஐப்பசி மழைக்கு முன் மூடியின் உட்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்து, தலைமுடி போலக் கரிக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மூடியை மாற்றுங்கள், சுரண்டாதீர்கள். பேட்டரி முனையையும் ஒரு பார்வை பாருங்கள். மின்வேதியியலுக்கென்றே சிக்ரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிற காரைக்குடியில் முனையில் பச்சை பூத்த வண்டியோடு வராதீர்கள், எனக்கே கூச்சமாக இருக்கிறது.

எது போட்டாலும் போடுங்கள். கழற்றினதை மட்டும் தயவுசெய்து துணியில் சுற்றி வீட்டிலேயே வையுங்கள்.

அன்றைக்கு மாப்பிள்ளை வாடகைக் காரில்தான் போனார். மறுநாள் அந்தத் தம்பியைக் கூட்டிக்கொண்டு பழைய இரும்புக் கடையில் இரண்டு மணி நேரம் கிளறினேன். ஓட்டைக் குக்கர்களுக்கு அடியில் உடம்பு மட்டும் கிடைத்தது, நம்பர் தகடோடு. உள்ளே எடையும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. மூடி சுக்குநூறு. கடைக்காரர் கிலோ கணக்கில்தான் காசு வாங்கினார். புஷ் போட லேத்தில் கொடுத்திருக்கிறேன், மற்றதற்குத் தேடிக்கொண்டிருக்கிறேன்.