திருப்பணிக்கு முன் சுவரை ஒருமுறை பாருங்கள்

கோயில் சுவரோவியங்களைச் சுத்தம் செய்து பாதுகாப்பது என் வேலை. போகும் ஊர்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: "எல்லாம் புராணக் கதைதானே, அதுதான் புத்தகத்திலேயே இருக்கிறதே. படம் மங்கிப்போச்சு, அழித்துவிட்டுப் புதுசா வரைஞ்சிடலாம்." நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த எண்ணத்தால் நாம் இழந்த சுவர்கள் ஏராளம்.

தஞ்சைப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்வோம். கருவறையைச் சுற்றிவரும் இருண்ட உள்சுற்றின் சுவர்களில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒரு பெரிய சுவர் முழுக்க நாயன்மார் சுந்தரரின் கதை. கீழ்ப்பகுதியில் அவருடைய திருமணம் தடைபட்டு நிற்கிறது. ஓலையும் கையுமாக ஒரு கிழவர் வழக்காட வந்திருக்கிறார். கூடியிருப்பவர்கள் முகத்தில் திகைப்பு. அதற்கு மேலே சுந்தரர் வெள்ளை யானையிலும் அவர் நண்பரான சேர மன்னர் சேரமான் பெருமாள் குதிரையிலும் விரைகிறார்கள். உச்சியில் கயிலாயம். ஒரே ஆள் ஒரே சுவரில் திரும்பத் திரும்ப வருகிறார் என்றால் காலம் நகர்கிறது என்று பொருள். அஜந்தாவிலும் புத்தரின் முற்பிறப்புகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளை இப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தக் கோயில் கட்டி முடிந்தது 1010இல். இந்தக் கதையை நாம் விரிவாகப் படிப்பது பெரியபுராணத்தில். சேக்கிழார் அதைப் பாடியதோ 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். ஆக, நூல் வருவதற்கு நூறு ஆண்டுக்கும் முன்பே சுவர் இந்தக் கதையைச் சொல்லிவிட்டது. பெரியபுராணத்தைப் பார்த்து வரைந்த படம் அல்ல இது. சுந்தரர் கதையை அன்றைய மக்கள் எப்படி அறிந்திருந்தார்கள், எந்தக் காட்சியைப் பெரிதாக நினைத்தார்கள் என்பதற்கு இந்தச் சுவர் நேரடிச் சாட்சி. இப்படி ஒரு சுவர் போனால், அச்சில் இருக்கும் எந்தப் புத்தகமும் அதை ஈடுகட்டாது.

திருவாரூர்க் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில், அதாவது உட்கூரையில், இருப்பது முசுகுந்தன் என்ற புராண அரசரின் கதை. குரங்கு முகத்தோடு அவரை வரைந்திருப்பதால் எத்தனை பேர் நடுவில் நின்றாலும் அடையாளம் தெரிந்துவிடும். இந்திரன் ஒரே மாதிரியான விடங்கர்களை, அதாவது சிவன் திருவுருவங்களைக் காட்டி எது உண்மையானது என்று கேட்பதும், முசுகுந்தன் சரியாகக் கண்டுபிடிப்பதும், அந்த உண்மையான உருவமான தியாகராசர் ஆரூருக்கு வருவதும் வரிசை வரிசையாக ஓடுகின்றன. காட்சிகளின் கீழே தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். பிரான்சின் பேயோ ஊரைச் சேர்ந்த பழைய சித்திரத்துணியிலும், 1066இல் இங்கிலாந்தில் நடந்த போரை நூலால் தைத்தவர்கள் காட்சிக்குக் காட்சி லத்தீனில் எழுத்து சேர்த்தார்கள். இரண்டு ஊருக்கும் தொடர்பே கிடையாது, ஆனாலும் கதை சொல்பவர்களுக்கு ஒரே யோசனை வந்திருக்கிறது. திருவாரூர் ஓவியத்தில் திருவிழா ஊர்வலம், இசைக்கருவிகள், உடை, நகை எல்லாம் சேர்ந்தே வருகின்றன. தலபுராணத்தைப் படித்தால் கதை தெரியும். அந்தக் காலத்து ஊரைப் பார்க்க இந்த விதானத்துக்குத்தான் வர வேண்டும்.

சரி, இவை எப்படி அழிகின்றன? முதல் எதிரி தண்ணீர். மேல்தளம் ஒழுகும்போது ஈரம் செங்கலில் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு உள்பக்கம் வருகிறது. ஈரம் காய்ந்ததும் உப்பு ஓவியத்துக்குப் பின்னால் படிகமாகி, சாந்தை நொறுக்கி வெளியே தள்ளுகிறது. இந்த நிலையில் விரிசலைச் சிமெண்டால் அடைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். சிமெண்டிலேயே உப்பு உண்டு. அதோடு சுண்ணாம்புச் சாந்தைப் போல அது ஈரத்தை எளிதில் வெளியே விடாது. பழைய சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் சரி.

அப்புறம் மனிதக் கை. குடமுழுக்குக்கு நாள் குறித்ததும் வெள்ளையடிப்பு, எனாமல் பெயிண்ட், கல்லைப் பளிச்சென்று ஆக்க மணலை வேகமாகப் பீய்ச்சியடிக்கும் மணல் வீச்சு. வெள்ளையடித்தால்கூட அடியில் இருப்பதைப் பொறுமையாக மீட்க வழி இருக்கலாம். தஞ்சையில் சோழர் ஓவியத்தின் மேல் நாயக்கர் காலத்தில் வேறு ஓவியம் தீட்டியிருந்தார்கள். அடியில் பழையது இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பிற்பாடு தொல்லியல் துறை சில இடங்களில் மேலடுக்கைத் தனியே உரித்தெடுத்து, ஃபைபர் கிளாஸ் பலகையில் பதித்து, இரண்டையும் காப்பாற்றியது. மணல் வீச்சுக்குப் பிறகு மீட்பதற்கு எதுவும் மிஞ்சாது. நிறம் போவதோடு கல்வெட்டு எழுத்தின் விளிம்பும் மழுங்கிவிடும்.

உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி என்று பேச்சு வந்தால், சாரம் கட்டுவதற்கு முன்பே மண்டப விதானத்தையும் கோபுரத்தின் உள்நிலைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உரிந்த சுண்ணாம்புக்கு அடியில் காவிக் கோடோ கறுப்புக் கோடோ தெரிந்தால் சுரண்டிப் பார்க்காதீர்கள். ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம். பிசின் கலந்து தீட்டிய நிறமாக இருந்தால் தண்ணீர் பட்டதும் துணியோடு வந்துவிடும். தெளிவாகத் தெரியட்டும் என்று எண்ணெயோ வார்னிஷோ பூசினால் சில ஆண்டுகளில் பழுப்பேறிப் படம் மறைந்துபோகும்.

முழுச் சுவரையும், பிறகு பகுதி பகுதியாகவும் ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். எந்த மண்டபம், எந்தத் திசை என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களோடு கோயில் நிர்வாகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்தில் மனு கொடுங்கள், ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர் யாராவது இருந்தால் அழைத்துவந்து, இது என்ன கதை என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பாதி அழிந்த ஒரு காட்சியை நாங்கள் அடையாளம் காண அந்தப் பதிவு பெரிய உதவியாக இருக்கும்.