ஒரே ஒட்டுண்ணி, வேறுவேறு வீரியம்: கண்ணைத் தாக்கும் டாக்ஸோபிளாஸ்மா

மதுரையில் விழித்திரை மருத்துவராகப் பணியாற்றும் என்னிடம், "கண்ணுக்குள்ள கொசு பறக்குற மாதிரி இருக்கு, டாக்டர்" என்று சொல்லிக்கொண்டு உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கங்களிலிருந்து வருபவர்களில் சிலருக்கு, டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியே அதற்குக் காரணமாக இருக்கிறது. சொட்டு மருந்திட்டுப் பாவையை விரித்துப் பார்க்கையில், கருமை படிந்த பழைய தழும்பும், அதன் விளிம்பை ஒட்டியே வெளுத்துத் தடித்த புதுப் புண்ணும் தெரியும்.

இந்த ஒட்டுண்ணி உடலில் நுழைந்தவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் ஏற்படுவதில்லை. சிலருக்கு மட்டும் பார்வையே பறிபோவதற்கு அவரவர் நோய் எதிர்ப்பாற்றல் ஒரு காரணம் என்றால், வந்து தொற்றிய ஒட்டுண்ணி எந்த வகையைச் சேர்ந்தது என்பது இன்னொரு காரணம்.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மிகுதியாகக் காணப்படும் மூன்று வகைகளுக்கு இடையே மரபணு வேறுபாடு மிகச் சிறிதே. ஆயினும் ஆய்வகச் சுண்டெலிகளைக் கொல்ல முதல் வகையில் ஓர் ஒட்டுண்ணியே போதும். மற்ற இரண்டு வகைகளிலும் அதைவிடப் பன்மடங்கு தேவைப்படும். செல்லுக்குள் நுழையும்போதே ஒட்டுண்ணி தன் புரதங்கள் சிலவற்றை அதனுள் செலுத்திவிடுகிறது. ஒட்டுண்ணியைச் சுற்றியுள்ள உறையை உடைக்க வரும் எலியின் காவல் புரதங்களை, அவ்வாறு செலுத்தப்படும் ஆர்ஓபி18, ஆர்ஓபி5 என்னும் இரண்டு புரதங்களும் சேர்ந்து செயலிழக்கச் செய்கின்றன. மூன்றாம் வகையில் ஆர்ஓபி18 ஏறக்குறைய உருவாவதே இல்லை என்பதால் அது எலியிடம் தோற்றுப்போகிறது. இரண்டாம் வகையின் ஜிஆர்ஏ15 புரதமோ, செல்லின் அழற்சிச் சமிக்ஞையைத் தானே தூண்டி, எலியின் எதிர்ப்பை விழிக்கச் செய்துவிடுகிறது. மனிதச் செல்களின் காவல் முறை எலியுடையதைப் போன்றதன்று. ஆகவே எலியில் கண்டதை அப்படியே நமக்குப் பொருத்திவிடக் கூடாது. என்றாலும், மரபணுக் கலப்பு மிகுந்த வகைகள் பரவியுள்ள பிரேசிலில், பிறவியிலேயே தொற்றுடன் வரும் குழந்தைகளின் கண் பாதிப்பு ஐரோப்பியக் குழந்தைகளுடையதைவிடக் கடுமையாக இருப்பது பதிவாகியிருக்கிறது.

நம் மாநிலத்திலேயே, கோயம்புத்தூரில் 2004-05இல் 248 பேருக்கு இந்த ஒட்டுண்ணியால் கண் நோய் ஏற்பட்டது. குடிநீர் வழியாகப் பரவியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். பூனையின் மலத்தில் வெளியேறும் இதன் முட்டை போன்ற கூடுகள், ஒன்று முதல் ஐந்து நாளில் தொற்றும் நிலையை அடைகின்றன. குளோரின் அவற்றை அழிப்பதில்லை; நீரைக் கொதிக்க வைத்தால் அழிந்துவிடும். வீடு கட்டக் கொட்டிய மணலில் பூனைகள் மலம் கழிப்பதால், அதில் விளையாடிய பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவியாக வேண்டும். நம் வீடுகளில் ரத்தம் ஊறும் என்று கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் ஆட்டின் சுவரொட்டியை அனலில் லேசாக வாட்டிக் கொடுக்கும் பழக்கம் எனக்குக் கவலை தருகிறது. உள்வரை வேகாத இறைச்சியில் இந்த ஒட்டுண்ணி உயிரோடு இருக்கக்கூடும். கர்ப்ப காலத்தில் தாய்க்குப் புதிதாகத் தொற்றினால் கருவையும் சென்றடையக்கூடும். கொடுப்பதானால் நன்றாக வேகவைத்தே கொடுங்கள்.

வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனை, தொற்று இருந்ததா என்பதைத்தான் காட்டுமே தவிர எந்த வகை என்பதைக் காட்டாது. அதனால் பார்வையின் மையத்தையோ பார்வை நரம்பையோ நெருங்கும் புண் எதையும் வீரியமுள்ளதாகவே கருதி உடனே சிகிச்சையைத் தொடங்குகிறேன். அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டு உதவும்; ஆனால் ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்தும் மருந்து இல்லாமல் ஸ்டீராய்டை மட்டும் மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிட்டால் புண் பரவிப் பார்வை நிரந்தரமாகப் போய்விடக்கூடும். மருந்துகளால் தழும்பினுள் உறங்கும் ஒட்டுண்ணியை முழுதாக அழிக்க முடியாது. நோய் மீண்டும் வரலாம். தழும்பு உள்ளவர்கள் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நாட்காட்டியின் தேதியைப் படித்துப் பார்த்து, மங்கலாகத் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் வந்துவிட வேண்டும்.