அந்தப் புள்ளியை நம்பி யார் வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள்

இந்த மாதம் இன்னொரு அழைப்பு. ஆன்லைனில் துணி விற்கும் வாடிக்கையாளர் ஒருவர். யாரோ கேஷ் ஆன் டெலிவரியில் தொடர்ந்து ஆர்டர் போட்டு, பார்சல் வந்ததும் வாங்க மறுக்கிறாராம். ஆர்டர் வந்த ஐபி முகவரியை (இணையத்தில் ஓர் இணைப்பின் எண்), நாங்கள் அமைத்துக் கொடுத்திருந்த ஜியோஐபி சர்வரில், அதாவது ஐபியை வைத்து ஊரைச் சொல்லும் சர்வரில், போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வந்த அட்சரேகை, தீர்க்கரேகையை கூகுள் மேப்பில் ஒட்டி, குறி விழுந்த தெருவுக்கு இரண்டு பையன்களை அனுப்பியும் விட்டார்கள். அந்த வீட்டில் இருந்தவர் வயதானவர்; ஆன்லைனில் எதையும் வாங்கிப் பழக்கமில்லாதவர். தெருவே கூடிவிட்டது. பிறகு எனக்கு போன்: "சார், உங்க சர்வர் தப்பா காட்டுது!"

சர்வர் சரியாகத்தான் காட்டியது. "சென்னை" என்றது. அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது.

இதை எத்தனை பேரிடம் சொல்லியாயிற்று! இந்த சர்வர் பார்த்துச் சொல்லும், மேக்ஸ்மைண்ட் நிறுவனத்தின் ஜியோலைட்2 மாதிரியான டேட்டாபேஸ்களில் வீட்டு விலாசம் கிடையாது. ஐபி முகவரிகள் தொகுதி தொகுதியாக இணைய நிறுவனங்களிடம் இருக்கின்றன. ஒரு தொகுதி எந்த ஊரில் புழங்குகிறது என்று பல தடயங்களை வைத்து ஊகித்து எழுதியிருப்பார்கள். ஊர் முடிவானதும், அந்த ஊருக்கென்று ஒரு புள்ளியை வைத்துவிடுவார்கள். சந்தேகமா? உங்கள் சர்வரின் வருகைப் பதிவான லாகில் உள்ள சென்னை ஐபிகளை எடுத்து வரிசையாகப் போட்டுப் பாருங்கள். ஒரே எண்கள் திரும்பத் திரும்ப வரும். அத்தனை பேரும் ஒரே வீட்டிலா குடியிருக்கிறார்கள்? தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருப்பதால் வாசற்படி வரை துல்லியம் என்று நினைக்கிறீர்கள். அந்த நான்கு இலக்கமும் ஊரின் நடுப்புள்ளிக்கு உரியவை, உங்கள் ஆசாமிக்கு உரியவை அல்ல.

மொபைல் இணைப்பு என்றால் இன்னும் மோசம். திருநெல்வேலியில் இருப்பவரின் போன் சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள கேட்வே (மொபைல் நிறுவனத்தின் இணைய வாசல்) வழியாக வெளியே வரலாம். ஒரே பொது ஐபியின் பின்னால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான சந்தாதாரர்கள் இருப்பது வழக்கம்.

டேட்டாபேஸ் தயாரிப்பவர்கள் இதை மறைக்கவில்லை. ஜியோலைட்2 சிட்டி கோப்பில் துல்லிய ஆரம் என்று ஒரு புலம் இருக்கிறது, கிலோமீட்டரில். இந்த வாடிக்கையாளரின் ஐபிக்கு மூலக் கோப்பைத் திறந்து பார்த்தேன்: 200. ஆரம் 200 கிலோமீட்டர் கொண்ட வட்டத்தின் பரப்பு சுமார் 1,25,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு மொத்தமே சுமார் 1,30,000. அந்த வட்டத்துக்குள் அவர் இருப்பார் என்பதற்கும் 67 சதவீத நம்பிக்கைதான் என்று மேக்ஸ்மைண்டே எழுதி வைத்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறீர்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது இங்கேதான். பலரும் பயன்படுத்தும் எக்கோஐபி, அதற்கு முன் எல்லோரும் ஓட்டிய ஃப்ரீஜியோஐபி, இந்த இரண்டு ஜியோஐபி சர்வர் நிரல்களும் அனுப்பும் ஜேசான் பதிலிலும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்கும். துல்லிய ஆரம் இருக்காது. எவ்வளவு தவறலாம் என்று சொல்லும் அந்த ஒரு எண்ணை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கொடுக்கிறார்கள். இப்போது நான் அமைக்கும் சர்வர்களில் தலைகீழாகச் செய்கிறேன்: நாடு, மாநிலம், இணைய நிறுவனத்தின் ஏஎஸ் எண் (அதன் வலையமைப்புக்கான அடையாள எண்), துல்லிய ஆரம் போகும். அட்சரேகை, தீர்க்கரேகை வெளியே போகாது. திறந்த மூல நிரல்தானே, கொஞ்சம் திருத்தினால் போதும். தயவுசெய்து நீங்களும் செய்யுங்கள்.

செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தைப் பாருங்கள். அமெரிக்கா என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாத ஐபிகளுக்கு 38 வடக்கு, 97 மேற்கு என்ற முழு எண்களை மேக்ஸ்மைண்ட் வைத்திருந்தது. அந்தப் புள்ளி பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில் விழுந்தது. 60 கோடிக்கும் அதிகமான ஐபிகள் அந்த வீட்டைக் காட்டின. 2016-இல் பத்திரிகையில் வெளிவரும் வரை போலீஸ், எஃப்பிஐ, வரித்துறை, ஏமாந்துபோன கோபக்காரர்கள் என்று ஆண்டுக்கணக்கில் அங்கே வந்துகொண்டிருந்தார்கள். தற்கொலை செய்துகொள்ளப் போவதாகச் சொன்னவரைத் தேடி ஆம்புலன்ஸ்கூட வந்தது. வேறெங்கோ போக வேண்டிய ஆம்புலன்ஸ்! செய்தி வந்த பிறகு புள்ளியை விச்சிட்டா நகருக்கு மேற்கே ஒரு நீர்த்தேக்கத்தின் நடுவில் நகர்த்தி வைத்தார்கள். அதன் பின் குடியிருந்தவர்கள் வழக்கும் போட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரத்துக்கான புள்ளியும் இதே மாதிரி ஒரு வீட்டு முற்றத்தில் விழுந்து, திருட்டுப்போன போனைத் தேடி ஆட்களும் போலீஸும் அங்கே படையெடுத்த கதை 2019-இல் வெளிவந்தது.

இனி சர்வரைப் பற்றி. அமைப்பதில் சிரமமே இல்லை: மேக்ஸ்மைண்டில் கணக்கு, லைசென்ஸ் கீ, டேட்டாபேஸ் கோப்பு, ஒரு கன்டெய்னர் (நிரலைத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய பொதி). 8080 போர்ட்டில் பதில் வந்துவிடும். அதன் பிறகு நடக்கும் அலட்சியம்தான் தாங்கவில்லை.

கீ இல்லாமல் கோப்பை இறக்கும் வழி 2019 டிசம்பர் 30-இல் மூடப்பட்டது. அதற்கு முன் ஓட்டிவிட்ட கன்டெய்னர்கள் அதே பழைய கோப்போடு இன்னும் ஓடுகின்றன. இடையில் ஐபி தொகுதிகள் நாடு விட்டு நாடு விற்கப்பட்டுவிட்டன. புதிய கோப்பு வந்து 30 நாளுக்குள் பழையதை நீக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனையும்கூட. கோப்பைப் புதுப்பிக்கும் ஜியோஐபிஅப்டேட் நிரலை, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போடுங்கள். கோப்பின் தேதி பழையதானால் எச்சரிக்கை வரட்டும். சர்வர் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரில் 8080 போர்ட்டை அப்படியே வெளியிட்டுவிட்டு "யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருக்கிறேன்" என்று நிம்மதியாக இருக்காதீர்கள். டாக்கர், லினக்ஸின் தடுப்பு விதிப்பட்டியலான ஐபிடேபிள்ஸில் தானே விதி எழுதிக்கொள்ளும். உங்கள் தடை அதைத் தொடாது. 127.0.0.1:8080:8080 என்று கட்டுங்கள்; அப்போது அதே கணினிக்குள் இருந்து மட்டும்தான் எட்ட முடியும்.

அடுத்து, எல்லா வாடிக்கையாளரும் டாக்கரின் உள் முகவரியான 172.17.0.1 என்று தெரிகிறார்களே என்று, வந்தவரின் ஐபியைச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரை கண்ணை மூடிக்கொண்டு நம்ப வைப்பது. அந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். கர்ல் கட்டளை ஒரு வரி தெரிந்தவன் தன்னை ஜப்பானில் இருப்பதாகக் காட்டிவிடுவான். முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் எக்ஸ்-ரியல்-ஐபி ஹெடரை உண்மையான ரிமோட் முகவரியால் மேலெழுதுங்கள், எக்கோஐபியை அதை மட்டும் நம்பச் சொல்லுங்கள்.

நாணயத்தை ரூபாயா டாலரா என்று தேர்வு செய்ய, கோயம்புத்தூர்க்காரரின் கணக்கில் திடீரென்று வேறு நாட்டிலிருந்து லாகின் வந்தால் ஓடிபி கேட்க, டேட்டா சென்டரிலிருந்து வரும் பாட்களை (தானியங்கி நிரல்களை) பிரிக்க: இதற்கெல்லாம் தாராளமாகப் பயன்படுத்துங்கள். வாடிக்கையாளரின் ஐபியை வெளி ஆளுக்கு அனுப்பாமல் நம் சர்வரிலேயே பார்ப்பது நல்ல பழக்கமும்கூட.

மோசடி என்றால் சைபர் கிரைமில் புகார் கொடுங்கள். ஆளைக் கண்டுபிடிக்க இணைய நிறுவனத்தின் பதிவேடு வேண்டும். அது போலீஸ் கேட்டால்தான் கிடைக்கும். நீங்கள் தரவேண்டியது ஐபி, நொடி வரையிலான நேரம், சோர்ஸ் போர்ட் எண் (அவர் பக்கத்து இணைப்பின் எண்). ஒரே ஐபியின் பின்னால் நூறு பேர் இருக்கும்போது போர்ட் எண் இல்லாமல் ஆளைப் பிரிக்க முடியாது. வெப் சர்வர்கள் பொதுவாக அதைத் தாமாகப் பதிவதில்லை. அதையும் பதியுங்கள் என்று இணையப் பரிந்துரை ஆவணமான ஆர்எஃப்சி 6302 2011-இலேயே சொல்லிவிட்டது. இன்றே லாக் ஃபார்மட்டில் சேர்த்துவிடுங்கள். நேரம் யுடிசியா (உலகப் பொது நேரம்) இந்திய நேரமா என்று புகாரில் தெளிவாக எழுதுங்கள். ஐந்தரை மணி நேரம் தள்ளிக் கேட்டால், அந்த நேரத்தில் அதே ஐபியில் இருந்த வேறொருவரின் பெயரும் விலாசமும்தான் போலீஸ் கைக்கு வரும்.