டிக் இல்லாத கட்டத்தை டேட்டாபேஸ் எங்கே வைத்திருக்கிறது?

ஓர் இணையதளத்தை நான்கைந்து பேர் சேர்ந்து நடத்தினால், யார் எதைச் செய்யலாம் என்ற கேள்வி சீக்கிரமே வந்துவிடும். நிருபர் கட்டுரை எழுதலாம், வெளியிட முடியாது. ஆசிரியர் வெளியிடலாம், புதிய பயனரைச் சேர்க்க முடியாது. இணையதளங்களை நடத்த உதவும் ட்ருபால் மென்பொருளில் இதற்கென்றே ஒரு பக்கம் உண்டு. மேலே குறுக்காகப் பொறுப்புகள், இடப்பக்கம் கீழ்நோக்கி அனுமதிகள், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு செக்பாக்ஸ். உள்நுழையாத வருகையாளருக்கான பத்தியை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். இருக்கக் கூடாத டிக் ஒன்று இருந்தால் உடனே கண்ணில் படும். கட்டங்களாகக் காட்டுவதன் பெரிய பலமே இதுதான்.

ஒரு பொறுப்புக்குப் பல அனுமதிகள், ஓர் அனுமதி பல பொறுப்புகளுக்கு. இதுதான் பல-பல உறவு. ஐபிஎம்மில் வேலை பார்த்த எட்கர் காட் 1970-இல் முன்வைத்த, தகவல்களை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் முறையில் ஓர் இடத்தில் ஒரு மதிப்புதான் இருக்க வேண்டும். அதனால் ஆசிரியரின் அனுமதிகளை எல்லாம் கமா போட்டு ஒரே இடத்தில் அடைப்பதில்லை. பொறுப்பையும் அனுமதியையும் ஜோடி சேர்க்கத் தனி டேபிள் வைக்கிறோம். ட்ருபால் 7-இல் அதன் பெயர் ரோல்_பெர்மிஷன். ஒரு டிக் என்றால் அதில் ஒரு வரி. பொறுப்பும் அனுமதியும் சேர்ந்ததே முதன்மைச் சாவி, அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டுவது என்பதால் ஒரே ஜோடி இரண்டு முறை பதிவாகாது.

6 பொறுப்புகள், 200 அனுமதிகள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் 1,200 கட்டங்கள். டிக் 340 என்றால் ஜோடி டேபிளில் 340 வரிகள்தான். மீதி 860 கட்டங்கள் எங்கேயும் சேமிக்கப்படவில்லை. இந்தப் பக்கத்தை எழுதுவதில் உள்ள சிக்கல் அத்தனையும் அந்த 860-இல்தான் இருக்கிறது.

ஜோடி டேபிளை மட்டும் படித்து அட்டவணை வரைந்தால், யாருக்கும் தராத அனுமதி திரையிலேயே வராது. அப்புறம் அதை எப்படித் தருவது? ஆகவே இரண்டு பட்டியல்களையும் முழுசாக எடுக்க வேண்டும். டேட்டாபேஸிடம் பேசும் மொழியான எஸ்க்யூஎல்லில், ஒவ்வொன்றோடும் ஒவ்வொன்றையும் சேர்க்கும் கிராஸ் ஜாயின் போட்டு 1,200 ஜோடிகளையும் உருவாக்கி, ஜோடி டேபிளில் இல்லாததையும் விடாமல் ஒப்பிடும் லெஃப்ட் ஜாயினால் எவை பதிவாகியிருக்கின்றன என்று பார்க்கலாம். எனக்குப் பிடித்தது வேறு வழி: டேட்டாபேஸிடம் மூன்றே வினவல்கள், அதாவது கேள்விகள். இரண்டு பட்டியல்களுக்கு இரண்டு, ஜோடிகளுக்கு ஒன்று. ஜோடிகளை நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டத்திலும் ‘இது இருக்கிறதா?’ என்று பார்த்தால் போதும். கட்டத்துக்கு ஒரு வினவல் என்று டேட்டாபேஸிடம் 1,200 முறை போய் நின்றால் பக்கம் தவழும்.

டேபிளில் வரி இல்லாமலே டிக் தெரிவதும் உண்டு. உள்நுழைந்த எல்லாருக்கும் ஓர் அனுமதியைத் தந்தால், ட்ருபால் 7 அதே வரிசையில், உள்நுழையாத வருகையாளரைத் தவிர மற்ற பொறுப்புகளுக்கும் மாற்ற முடியாத டிக் காட்டும். அது வெறும் காட்சிதான். அந்த ஜோடிகள் சேமிக்கப்படுவதில்லை.

சேமிக்கும்போதுதான் கவனம் ரொம்பத் தேவை. டிக் இல்லாத செக்பாக்ஸை உலாவி அனுப்புவதே இல்லை. நீங்கள் ஒரு டிக்கை எடுத்துவிட்டு ‘சேமி’யை அழுத்தினால், சர்வருக்கு அதைப் பற்றி ஒரு தகவலும் போகாது. பலர் இதற்குக் கண்டுபிடிக்கும் சுலப வழி, பழையதை எல்லாம் அழித்துவிட்டு வந்ததை எழுதுவது. அட்டவணையின் ஒரு பகுதியை மட்டும் வடிகட்டிக் காட்டியிருந்தால், காட்டாத பகுதியும் சேர்ந்து அழிந்துவிடும். எந்த வரிசைகள், எந்தப் பத்திகள் திரையில் இருந்தன என்பதையும் மறைபுலமாக, அதாவது படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத புலமாக அனுப்பி, அந்த எல்லைக்குள் மட்டும் ஒப்பிட்டு நீக்குவதே சரி.

இன்னொரு குழியும் உண்டு. வேண்டுமென்றே வடிவமைத்த உள்ளீடுகளைக் கொட்டி சர்வரைத் திணறடிக்கும் ஹாஷ் மோதல் தாக்குதல்களைத் தடுக்க, ட்ருபால் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் 2012 ஜனவரியில் வந்த 5.3.9 பதிப்பில் ஒரு வரம்பு சேர்ந்தது: ஒரு படிவத்திலிருந்து இயல்பாக 1,000 உள்ளீடுகள்தான் ஏற்கப்படும். மீதியை ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடும். பெரிய தளங்களில் டிக்குகள் ஆயிரத்தைத் தாண்டினால், வராத டிக்கை சர்வர் ‘எடுத்துவிட்டார்கள்’ என்று எடுத்துக்கொள்ளும். அட்டவணையின் அடியில் இருந்த அனுமதிகள் யாரும் தொடாமலே பறிபோகும். வரம்பை உயர்த்தலாம். மாறிய கட்டங்களை மட்டும் ஜாவாஸ்கிரிப்டால் ‘சேர்’, ‘நீக்கு’ என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினால், அட்டவணை எவ்வளவு வளர்ந்தாலும் அந்த வரம்பை நெருங்குவது அபூர்வம்.